காவி-வெள்ளைப் பட்டை போட்ட மண் சோப்பு: வெடிக்கிறது, கழன்று வருகிறது, மஞ்சள் சிவப்பாகிறது. எங்கே தப்பு?

திண்ணை_தேனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக வீட்டில் கோல்ட் ப்ராசஸ் முறையில், அதாவது அடுப்பில் காய்ச்சாமல், சோப்பு போடுகிறேன். இதுவரை வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு, வேப்பிலை சோப்பு, அவ்வளவுதான். இப்போது தங்கைக்கு வளைகாப்பு வருகிறது, இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பா வைப்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு சோப்பு வைக்கலாம் என்று ஆசை. எங்கள் தெருக்கோடியில் உள்ள கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள் இல்லையா, அதே மாதிரி சோப்பிலும் பட்டை பட்டையாக வரவேண்டும், நடுவில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. கடைச் சாயம் எதுவும் வேண்டாம், முடிந்தவரை மண்ணிலிருந்தே நிறம் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

நான் போட்ட அளவு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், ஆலிவ் எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 380 கிராம், சூப்பர்ஃபேட், அதாவது சோப்பாகாமல் மிஞ்சுகிற எண்ணெய், 5 சதவீதம் வருகிற மாதிரி. கலவை லேசாகக் கெட்டியானதும் பாதியைப் பிரித்து அதில் வெள்ளைக் களிமண், அதாவது கயோலின், கலந்தேன். முதலில் இரண்டு கரண்டிதான் போட்டேன், வெள்ளையே வராததால் போட்டுப் போட்டு 60 கிராம் வரை போய்விட்டது. காவிக்கு, வெள்ளிக்கிழமைக் கோலத்தைச் சுற்றிப் பட்டை இழுக்க வாங்கி வைத்திருந்த காவிப் பொடி. மஞ்சள் மண் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் வீட்டு மஞ்சள் தூள்.

நடந்தது இதுதான். வெள்ளை வெள்ளையாக இல்லை, சந்தனத்தில் சாம்பல் கலந்த மாதிரி ஒரு நிறம், மேலே காய்ந்த கண்மாய் போல வெடிப்பு, உள்ளே கண்ணாடி நரம்புகள் ஓடுகின்றன. மஞ்சள் தூள் கலவையில் பட்ட நிமிஷமே ரத்தச் சிவப்பாகிவிட்டது, பயந்தே போனேன், இப்போது மங்கிய ஆரஞ்சில் நிற்கிறது. காவிப் பட்டைதான் பார்க்க அழகு, ஆனால் கை கழுவினால் நுரை ரோஸ் நிறத்தில் வருகிறது, வெள்ளைத் துண்டில் கறை. வெட்டும்போது இரண்டு பட்டைகள் கொட்டாங்கச்சியிலிருந்து காய் கழல்கிற மாதிரி தனித்தனியாக வந்துவிட்டன. கத்தி போன வழியெல்லாம் காவி இழுபட்டு வெள்ளையில் கோடு. மேலே வேறு வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது.

ஒரு கிலோ எண்ணெய் போனது ஒரு பக்கம், அதைவிட இந்தப் பட்டை சோப்பை எப்படியாவது சரியாகக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் மனசில் இருக்கிறது. எது எதனால் நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சில்_சோப்பு எழுதியது:

தங்கச்சி, உங்கள் எண்ணெய் அளவிலும் காஸ்டிக் அளவிலும் ஒரு தப்பும் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். தேங்காய் எண்ணெய்க்கு கிராமுக்கு 0.183 கிராம் காஸ்டிக், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128 என்று எடுத்தால் மொத்தம் 158 கிராம் சொச்சம், அதில் 5 சதவீதம் குறைத்தால் 150. அதனால் அந்த சோப்பைத் தூக்கிப் போடாதீர்கள், காயவைத்து வீட்டில் கை கழுவ வைத்துக்கொள்ளலாம். காவிப் பகுதியைப் பற்றி மட்டும் மண் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சிக்கல் தண்ணீரிலும் மண்ணின் அளவிலும் இருக்கிறது. 380 என்பது எண்ணெயில் 38 சதவீதம், பல கால்குலேட்டர்கள் தானாகவே போட்டுக் கொடுக்கிற எண் அது. வெறும் சோப்புக்குப் பரவாயில்லை. தண்ணீர் அதிகமாக இருந்து, அச்சுக்குள் சூடும் ஏறி ஜெல் ஆகும்போது, அதாவது கூழாகிக் கண்ணாடி மாதிரி மாறும்போது, சில இடம் கண்ணாடியாகவும் சில இடம் மங்கலாகவும் உறையும், நீங்கள் பார்த்த நரம்புகள் அதுதான். வெறும் சோப்பிலும் அது வரும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை மண்ணோ டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளை நிறமியோ போட்ட சோப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும். காஸ்டிக் 150க்குத் தண்ணீர் 300 போதும், அதாவது ஒன்றுக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

வெடிப்புக்குக் காரணம் அந்த 60 கிராம். உலர்ந்த களிமண் எங்கே ஈரம் கிடைத்தாலும் உறிஞ்சும். நேராகக் கலவையில் கொட்டினால் சோப்பு ஆவதற்கு வேண்டிய தண்ணீரையே குடித்துவிடும், கலவை சட்டென்று இறுகி உப்புமா பதத்துக்கு வந்துவிடும், காய்ந்ததும் வெடிக்கும். 500 கிராம் எண்ணெய்க்கு 8 முதல் 10 கிராம் மண் போதும். நன்றாக அழுத்தமாக வேண்டுமென்றால் 15 வரை போகலாம். அதையும் முன்கூட்டியே இரண்டு பங்கு தண்ணீரில் குழைத்து, கட்டி இல்லாமல் தோசை மாவு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரை வெளியிலிருந்து எடுக்காதீர்கள், மொத்த 300இல் 260ஐ காஸ்டிக் கரைக்க, 40ஐ மண் குழைக்க என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வெள்ளை ஏன் வெள்ளையாக வரவில்லை? வாசலில் மாக்கோலம் போட்டிருப்பீர்கள். அரிசியை அரைத்துத் துணியில் நனைத்து இழுக்கும்போது கோடு இருப்பதே தெரியாது, காய்ந்த பிறகுதான் பளீரென்று எழும்பும். கயோலினும் அப்படித்தான். உலர்ந்த பொடியாக இருக்கும்போது காற்று இடையில் இருப்பதால் வெள்ளை, எண்ணெயிலோ சோப்பிலோ நனைந்தால் அந்த வெள்ளை போய்விடும். காரணம், கயோலினின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கிற அளவு, 1.56, எண்ணெயுடையது 1.47 பக்கம், இரண்டும் நெருக்கம், அதனால் ஒளி அவ்வளவாகச் சிதறாது. சோப்பு எப்போதும் ஈரம் உள்ள பொருள், மாக்கோலம் மாதிரி முழுசாகக் காயப்போவதில்லை. 60 இல்லை 100 கிராம் போட்டாலும் பால் வெள்ளை வராது. வெள்ளைக்கு வழி எண்ணெயில்தான் இருக்கிறது. பச்சை ஓடிய எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு, நிறம் குறைந்த சாதா ஆலிவ் எண்ணெய் எடுங்கள். தேங்காய் எண்ணெயும் ரிஃபைண்ட். வாசனைக்கு வெனிலா சேர்ந்த எதுவும் வேண்டாம், வாரம் போகப்போகப் பழுப்பாக்கிவிடும். இப்படிச் செய்தால் தந்த நிறம் வரும், காவிக்குப் பக்கத்தில் அது வெள்ளையாகத்தான் தெரியும்.

மஞ்சள் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை, ஆரத்தி கரைக்கிறோமே, அதே சமாச்சாரம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பு. காஸ்டிக் சுண்ணாம்பைவிட வீரியம், அதனால் இன்னும் சிவப்பு. சோப்பு ஆகி முடிந்து காரம் குறையக் குறைய மஞ்சள் பக்கம் திரும்பும், ஆனால் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் இதைவிட மோசம், இரண்டும் பழுப்பாகிவிடும். பூவின் நிறமும் காயின் நிறமும் காரத்துக்கு நிற்காது, மண் நிறம் நிற்கும்.

மண்_வாசனை எழுதியது:

நாஞ்சில் அண்ணன் சொன்னதற்கு மேல் மண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுக்கு மானாமதுரைப் பக்கம், வீட்டில் மூன்று தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறது. சோப்பு என் மனைவி போடுகிறாள், மண் என் வேலை.

அக்கா, உங்கள் காவிப் பொடி மண்ணே இல்லை என்று நினைக்கிறேன், அல்லது மண்ணில் சாயம் கலந்திருக்கிறது. உண்மையான காவியின் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது, அது தண்ணீரில் கரையாது, நுரைக்குள் போய் ரோஸ் ஆகாது. அதிகம் போட்டிருந்தால் நுரை கலங்கலாகத் தெரியும், அது வேறு. சோதித்துப் பார்க்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அரைக் கரண்டி பொடியைக் கலக்கி ஒரு ராத்திரி அசைக்காமல் விடுங்கள். காலையில் அடியில் சிவப்பும் மேலே தெளிந்த தண்ணீரும் இருந்தால் மண். மேல் தண்ணீரும் சிவப்பாகவே இருந்தால் சாயம், அதை மேலுக்குப் போடுகிற எதிலும் சேர்க்க வேண்டாம். கோலக் காவி தரைக்காக விற்கிறது, உடம்புக்காக இல்லை. தெளிந்தாலும் அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று டம்ளர் சொல்லாது. நாலு பேருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதால், அழகுசாதனத் தரம் என்று போட்டு, சோதனைச் சான்றிதழோடு விற்கிற சிவப்புக் களிமண்ணாக வாங்குங்கள். அதில் 100 கிராம் வாங்கினாலே பத்து கிலோ சோப்புக்கு வரும்.

மண்ணின் நிறம் பெரும்பாலும் இரும்பின் விளையாட்டுதான். வெறும் இரும்பு ஆக்சைடாக இருந்தால் காவி. அதே இரும்போடு தண்ணீர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் மஞ்சள் மண். பிரெஞ்சுப் பச்சை மண் என்று விற்கிறார்களே, அதிலும் இரும்புதான், ஆக்சிஜன் குறைந்த நிலையில் இருப்பதால் பச்சை. இரும்பே இல்லாவிட்டால் கயோலின், வெள்ளை. எங்கள் சூளையில் காற்றை விட்டுச் சுட்டால் பானை சிவப்பு, புகையடைத்து மூச்சுத் திணற விட்டால் கறுப்பு, ஒரே மண்தான்.

இதைச் சொல்லக் காரணம், மஞ்சள் மண்ணை இரும்பு வாணலியில் போட்டு நன்றாக வறுத்தால், 300 டிகிரிக்குப் பக்கம் போகும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேறி அதுவே காவியாகிவிடும். சோப்பின் சூடு அந்த அளவுக்குக் கிட்டேகூடப் போகாது, ஜெல் ஆனாலும் 80 டிகிரிக்குப் பக்கம்தான் போகும். அதனால் நல்ல மஞ்சள் மண்ணாக வாங்கினால் மஞ்சளாகவே இருக்கும். ஒரே மஞ்சள் மண்ணை வாங்கி, பாதியை வறுத்துக் காவியாக்கி, பாதியை அப்படியே கோடு போட வைத்துக்கொண்டால் இரண்டு பட்டையும் ஒரே குடும்பமாக இருக்கும், பார்க்கும்போது அந்த ஒற்றுமை தெரியும். வறுக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அரைப்பு மிக முக்கியம். வாங்கின மண்ணையும் நம்ப வேண்டாம். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் கொஞ்சம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் மணல் இருக்கிறது. அப்போது தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிஷம் நிற்கவிட்டு, மேலே மிதக்கிற சேற்றுத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ள வேண்டும், மணல் அடியில் தங்கிவிடும். இறுத்ததை ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வார்களே, அதே. இப்படிச் சலித்த காவியைக் கன்னத்தில் தேய்த்தால் சந்தனம் மாதிரி வழுக்கும்.

புதுக்கை எழுதியது:

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஆரம்பிக்கப் போகிறேன். வீட்டில் பழைய அலுமினியக் குண்டான் ஒன்று இருக்கிறது, அதில் காஸ்டிக் கரைக்கலாமா? முல்தானி மிட்டி நிறைய இருக்கிறது, அதைப் போட்டால் மஞ்சள் வருமா? பிறகு இந்த மாதிரி சோப்பை ஆன்லைனில் விற்கலாமா?

நாஞ்சில்_சோப்பு எழுதியது:

அலுமினியம் கூடவே கூடாது தம்பி. காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு பொங்கிக்கொண்டு வரும், பாத்திரம் ஓட்டையாகும். எவர்சில்வர், இல்லாவிட்டால் அடியில் 5 என்று போட்ட தடித்த பிளாஸ்டிக் கப். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது, எகிறி முகத்தில் அடிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை. மேலே தெறித்தால் வினிகர் தேடாதீர்கள், குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். குழந்தைகள் இருக்கிற நேரத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம். நான் இன்றைக்கும் வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகுதான் காஸ்டிக் டப்பாவைத் திறக்கிறேன்.

முல்தானி மிட்டி மஞ்சள் தராது, காக்கிக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம் தரும். தேய்த்தால் வழவழப்பு நன்றாக இருக்கும், அதற்காகப் போடலாம். ஆனால் அது கயோலினைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும், மூன்று பங்கு தண்ணீரில் ஊறவிடுங்கள்.

விற்பதென்றால் இந்தியாவில் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். முதலில் ஒரு வருடம் வீட்டுக்குச் செய்து பழகுங்கள்.

யாழ்_அடுக்களை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நாங்கள் இங்கே இலங்கையில் சவர்க்காரம் என்று சொல்வோம், அதனால் அந்தச் சொல் வந்தால் குழம்ப வேண்டாம். அடுக்கு சவர்க்காரம்தான் நான் அதிகம் செய்கிறேன், கயோலினுக்கு எங்களுக்குக் கஷ்டம் இல்லை, எங்கள் நாட்டிலேயே எடுக்கிறார்கள். ஆனால் நானும் முகத்துக்குப் பூசுகிற தரம் பார்த்துத்தான் வாங்குவேன்.

அடுக்குக் கழன்றதற்குக் காரணம் நேரம்தான். முதல் பட்டை நன்றாக இறுகின பிறகு இரண்டாவதை ஊற்றியிருப்பீர்கள். அதற்குள் மேலே காற்றுப்பட்டு வெள்ளைப் பொடி பூத்துவிடும். மேலே பூத்ததாகச் சொன்னீர்களே, அதேதான், காஸ்டிக் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சலவை சோடாவாக மாறுவது. அந்தத் தூள் நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு அடுக்கும் எப்படி ஒட்டும்? முதல் பட்டை, கரண்டியால் தொட்டால் கரண்டியில் ஒட்டாமல் ஆனால் அமுக்கினால் குழிகிற பதத்தில் இருக்கும்போது அடுத்ததை ஊற்ற வேண்டும். எனக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகும், உங்கள் ஊர் வெக்கைக்கு இன்னும் சீக்கிரம் வரலாம். நேராக ஊற்றினால் பொத்துக்கொண்டு கீழே போய்விடும். அகப்பையைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் விழுந்து வழிகிற மாதிரி, மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல ஊற்றுங்கள்.

ஒரே தடவையில் எல்லாக் கலவையையும் கெட்டியாக்கி வைத்துக்கொண்டால் மூன்றாவது பட்டைக்கு வரும்போது அது கல்லாகியிருக்கும். நான் பட்டைக்குப் பட்டை எண்ணெயையும் காரத் தண்ணீரையும் நிறுத்துத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒன்று பதத்துக்கு வந்த பிறகே அடுத்ததைக் கடைகிறேன். வேலை இரட்டிப்பு, ஆனால் கோடு நூல் பிடித்த மாதிரி வரும். கராம்பு எண்ணெய் மட்டும் வாசனைக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டு நிமிஷத்தில் கட்டியாகிவிடும்.

வெட்டும்போது சவர்க்காரக் கட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து வெட்டுங்கள். நிமிர்த்தி வைத்து வெட்டினால் கத்தி மேல் காவியை இழுத்துக்கொண்டு வெள்ளைக்குள் இறங்கும். சாய்த்து வைத்தால் கத்தி ஒவ்வொரு நிறத்தின் நீளத்திலேயே போகும், இழுப்புத் தெரியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள்.

திண்ணை_தேனி எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அந்த டம்ளர் சோதனையை ராத்திரியே செய்தேன். காலையில் மேல் தண்ணீர் ரூஹ் அஃப்சா சர்பத் மாதிரி சிவப்பாக இருந்தது. அந்தப் பொடியை இனி கோலத்துக்கு மட்டும். பழைய சோப்பில் காவிப் பகுதியை வெட்டிப் போட்டுவிட்டேன்.

மஞ்சள் மண் ஆன்லைனில் சான்றிதழோடு கிடைத்தது. வாணலியில் வறுத்தேன் மண்வாசனை அண்ணா, முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை, சந்தேகமாகிவிட்டது. அப்புறம் ஓரத்திலிருந்து செங்கல் நிறம் ஏறிக்கொண்டே நடுவுக்கு வந்தது, கிளறக் கிளற ஒரே சீராகக் காவி. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மதில் காவி இதுதான் என்று சொன்னார்.

முழுசாகப் போடுவதற்கு முன்னால் 200 கிராம் எண்ணெயில் சின்னதாக ஒரு சோதனை செய்யலாமா? தேங்காய் 100, ஆலிவ் 80, விளக்கெண்ணெய் 20, காஸ்டிக் 30, தண்ணீர் 60 என்று கணக்கு வருகிறது. இதில் மண் எவ்வளவு?

நாஞ்சில்_சோப்பு எழுதியது:

கணக்கு சரி. நூறு நூறாகப் பிரித்தால் வெள்ளைக்கு 2 கிராம், காவிக்கு ஒன்றரை கிராம். காவியில் முதலில் ஒரு கிராம் போட்டுப் பார்த்து மீதியைச் சேருங்கள். கலவையாக இருக்கும்போது தெரிகிற நிறம் கடைசி நிறம் இல்லை, ஜெல் ஆகும்போது கறுக்கும், காயக்காய வெளுக்கும். மண் நிறத்துக்கு ஜெல் ஆவது நல்லது, அழுத்தம் வரும், அதனால் அச்சைத் துண்டால் மூடி வையுங்கள். தண்ணீரைக் குறைத்துவிட்டதால் நரம்பு வராது. மேலே பாலித்தீன் தாளை ஒட்டினாற்போல மூடினால் அந்த வெள்ளைப் பொடியும் பூக்காது.

திண்ணை_தேனி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். சோதனை சோப்பு சரியாக வந்ததும் பெரியதைப் போட்டுவிட்டேன். ஏழு பட்டை, நான்கு காவி, மூன்று வெள்ளை. நடுவில் இருக்கிற வெள்ளையின் குறுக்கே மட்டும் மஞ்சள் கோடு, அதைக் கலவையாக ஊற்றாமல், உலர்ந்த மஞ்சள் மண்ணை டீ வடிகட்டியில் போட்டு, அந்த வெள்ளையைப் பாதி ஊற்றியதும் மேலே பூவாகத் தூவினேன். பயந்து பயந்து மிகக் கொஞ்சமாகத் தூவினேன், அடர்த்தியாகத் தூவினால் அங்கேயும் கழன்றுவிடும் என்று தோன்றியது. யாழ் அக்கா சொன்ன மாதிரி தனித்தனியாகக் கடைந்து, அகப்பை முதுகில் ஊற்றி, சாய்த்து வைத்து வெட்டினேன். ஒரு அடுக்குகூடக் கழலவில்லை. வெள்ளை, பழைய தந்தச் சீப்பின் நிறம். மஞ்சள் கோடு பென்சிலால் இழுத்த மாதிரி, சில துண்டில் லேசாக வளைந்திருக்கிறது, அது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

பன்னிரண்டு துண்டு வந்தது. ஆறு வாரம் காய வேண்டும், வளைகாப்புக்குச் சரியாக இருக்கும். இன்னும் நான்கு கட்டி போட வேண்டும், நாளைக்குத்தான் எண்ணெய் வாங்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: அலமாரித் தட்டில் பழுப்புத் தாள் விரித்து வைத்திருக்கிறேன், தினமும் திருப்பிப் போட வேண்டுமா, இல்லை வாரம் ஒரு தடவை போதுமா?

யாழ்_அடுக்களை எழுதியது:

வாரம் ஒரு தடவை போதும் தங்கச்சி. ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள், வெயில் படக்கூடாது, காற்று போய்வர வேண்டும். மழை நாளில் அந்த அறையில் ஈரத்துணி காயப்போடாதீர்கள், சவர்க்காரம் வியர்க்கும்.